தீர்ப்பு வந்ததும் பள்ளி மாறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்விக் கட்டுரையில் ஒரு வரி: '1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் வெள்ளையர் பள்ளியும் கறுப்பர் பள்ளியும் ஒன்றாயின.' படித்துவிட்டு இதழை மூடி வைத்தவள்தான், ராசிபலனைக்கூடப் பார்க்கவில்லை. கட்டுரையாளர் இளைஞராக இருக்கலாம், அவரை விட்டுவிடுகிறேன். தீர்ப்பு எழுதுவது ஒருவர், அதை நடத்துவது வேறொருவர் என்று வருஷம் முழுக்கத் தலையங்கம் எழுதும் உங்கள் கண்ணில் இந்த வரி எப்படித் தப்பியது?

வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கென்ட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) உங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிகளை உடனே இணைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 1968 மே 27 தீர்ப்பே அதன் பள்ளி வாரியத்துக்கு எதிராக வந்ததுதானே. வயலும் காடுமான அந்தக் கவுண்டியில் இருந்தவை இரண்டே பள்ளிகள்: வெள்ளையருக்கு நியூ கென்ட், கறுப்பருக்கு வாட்கின்ஸ். இரண்டு இனத்தாரும் கவுண்டி முழுக்கக் கலந்தே குடியிருந்தார்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பள்ளி, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பள்ளி என்று சொல்லியிருந்தால் ஒரே கோடையில் காரியம் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் 21 பள்ளி பஸ்களை விட்டார்கள். 11 பஸ் வாட்கின்ஸுக்கு, 10 பஸ் நியூ கென்டுக்கு. ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக ஓடி, அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியாக அள்ளிக்கொண்டு போயின. எரிபொருள் செலவைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலை இல்லை!

1954-க்குப் பிறகு பதினோரு வருஷம் இதே கதைதான். மத்திய அரசின் பணம் நின்றுவிடும் என்ற பயம் வந்தபிறகு, 1965-இல், 'எந்தப் பள்ளி வேண்டுமோ நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்று பெற்றோர் தலையில் கட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்கார முதலாளியின் நிலத்தில் வேலை செய்கிறவன் தன் பிள்ளைக்கு வெள்ளையர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் மறுநாள் அந்த வேலை இருக்குமா என்பது படிவத்தில் இல்லாத கேள்வி. மூன்று வருஷத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வாட்கின்ஸைக் கேட்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கால்வின் கிரீன் என்ற உள்ளூர்க்காரர் துணிந்து, பள்ளியில் படித்த தன் மகன் சார்ல்ஸ் பெயரில் வழக்குப் போட்டதால்தான், 'இப்போதே பலன் தரும் திட்டத்தைக் கொண்டு வா' என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதினார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பள்ளி மாறியது.

இதே மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கறுப்பருக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் பாடம் நடந்தது. குளிர்காலத்தில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவர் குளிர்கோட்டைக் கழற்ற முடியாது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், தலைமையாசிரியரைப் பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, மேடை ஏறி எல்லாரையும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். நீங்கள் கொண்டாடும் 1954 தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று அவள் கிளப்பியது. அதே கவுண்டி, 1959-இல் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு உறவினர் வீடு, தேவாலயக் கூடம், இல்லாவிட்டால் புகையிலை வயல். உங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி அவர்களும் ஒன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

இது புதிய வருத்தமும் அல்ல. முன்பு ரோசா பார்க்ஸ் பற்றி எழுதியபோது, வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரம்மா பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்கத் தற்செயலாக மறுத்தார் என்று போட்டீர்கள். அவர் மாண்ட்கமரி நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. சங்கக் கிளையின் செயலாளர், பல வருஷம் வேலை செய்தவர் என்று எழுதினேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் அச்சிட்டு மீதியை வெட்டினீர்கள். அந்த வரியை நான் மரியாதைக்காக எழுதியது! அப்புறம், 1957-இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது எடுத்த படம். கூட்டம் கத்த, புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடக்கிற பெண்ணின் கீழே 'ஒரு மாணவி' என்று குறிப்பு. எலிசபெத் எக்ஃபோர்ட், வயது 15 என்று போட எவ்வளவு இடம் ஆகிவிடும்?

நான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மகளோடு வர்ஜீனியாவில் இருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா கறுப்பினத்தவர், எழுபது தாண்டிவிட்டது. வெள்ளையர் பள்ளி வாசலைக் கடந்துதான் அவருடைய பஸ் தினமும் போகுமாம். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும். கடைசி வருஷத்தில் பள்ளிகளை இணைத்தபோது இவர் பள்ளி தொடக்கப் பள்ளியானது, இவருடைய தலைமையாசிரியர் இன்னொருவருக்குத் துணையானார். பாண்டுக் குழுவின் ஊதாச் சட்டையை எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். தெற்கில் பல கிராமங்களில் இணைப்பு இப்படித்தான் நடந்தது. கறுப்பர் பள்ளியின் பெயர், கோப்பை, ஆசிரியர்களின் வேலை எல்லாம் போயின.

என் பேரன் படிக்கும் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் நிறைய. அந்தப் பழைய கறுப்பர் பள்ளியுடையது ஒன்றுகூட இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். இடம் இல்லையாம். நடு அடுக்கில் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து சௌகரியமாக இருக்கிறது.

சரி, அது அவர்கள் பாடு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் 1954 என்ற வரிக்குத் திருத்தம் போட்டு, கிராமப்புறத்தில் பள்ளிகள் உண்மையாக இணைய 1968 தீர்ப்பும் அதற்குப் பிந்தைய வருஷங்களும் ஆயின என்று சேர்க்கவும். ஆசிரியர் பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி, அதைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து முதல் வரியிலிருந்து வெட்டவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
வர்ஜீனியா