ஆர்எஸ்ஐயில் ஒரு 3: லைப்ரரி வெளியிடுவோருக்குத் திறந்த மடல்

சி++ லைப்ரரிகளை முன்கூட்டியே கம்பைல் செய்து வெளியிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய லைப்ரரி சென்ற மாதம் என் இரண்டு நாட்களை விழுங்கிவிட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் மட்டும் திருத்திக்கொள்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பீர்கள்.

நடந்தது 64 பிட் லினக்ஸில். வரிசை எண்ணையும் அட்டவணையின் முகவரியையும் கொடுத்தால், எட்டு ஃப்ளோட் எண்கள் கொண்ட 256 பிட் வெக்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் அது. மூன்றாம் வரிசையைக் கேட்டேன். நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் வரும் பிழை) என்று படுத்துவிட்டது. நினைவகத்தை விடுவித்த பிறகு தொடுகிறேனோ என்று முதல் நாள் முழுக்க என் நிரலையே குடைந்தேன். மறுநாள்தான் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அந்த ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே நிறுத்தி, செயலியின் ரெஜிஸ்டர்களைப் பார்த்தேன். ஃபங்ஷனுக்குத் தரும் எண்களும் முகவரிகளும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர்களில் இதே வரிசையில்தான் உட்காரும். அட்டவணையின் முகவரி இருக்க வேண்டிய ஆர்எஸ்ஐயில் 3 இருந்தது. முகவரியோ ஆர்டிஎக்ஸில் இருந்தது. வரிசை எண்ணுக்கு உரிய ஆர்டிஐயில் என் ஸ்டாக்கின் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) ஏதோ ஒரு முகவரி.

பந்தியில் அழையாத ஒருவர் முதல் இலையில் உட்கார்ந்துவிட, மற்றவர்கள் ஆளுக்கு ஓர் இலை தள்ளி உட்கார்ந்த கதைதான். அந்த அழையாத விருந்தாளி யார்? ஃபங்ஷன்கள் எதை எங்கே வைத்துக் கொடுத்து வாங்கும் என்று சொல்லும் சிஸ்டம் வி அழைப்பு மரபின்படி, ஏவிஎக்ஸ் (செயலியின் 256 பிட் வெக்டர் கட்டளைகள்) இயக்கப்பட்டிருந்தால் 256 பிட் வெக்டர் ஒய்எம்எம்0 ரெஜிஸ்டரில் திரும்பி வரும். இயக்கப்படாவிட்டால், நான் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரில் நினைவகத்தில்தான் வரும். எங்கே எழுத வேண்டும் என்ற முகவரியை அழைப்பவர் ஆர்டிஐயில் மறைவாக அனுப்புவார். லைப்ரரியை நீங்கள் ஏவிஎக்ஸ்2 உடன் கம்பைல் செய்திருந்தீர்கள். நான் வெறும் அடிப்படை எக்ஸ்86-64க்குச் செய்தேன். அதில் ஏவிஎக்ஸுக்கு முந்தைய எஸ்எஸ்இ2 வரைதான் உண்டு. இரு பக்கமும் ஃபங்ஷனின் பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் இணைக்கும் லிங்கர் வாயே திறக்கவில்லை.

நிரல் விழுந்ததாவது நல்லது. வரிசை எண் இல்லாமல் முகவரியை மட்டும் வாங்கும் ஃபங்ஷனாக இருந்திருந்தால், விழாமலே குப்பை எண்களைத் தந்துகொண்டு ஓடியிருக்கக்கூடும்.

கம்பைலர் சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஏவிஎக்ஸ் இல்லாமல் இப்படி வெக்டரைத் திருப்பினால் ஏபிஐ (கம்பைல் ஆன துண்டுகளுக்கு இடையிலான ஒப்பந்தம்) மாறிவிடும் என்று ஜிசிசி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் நிறுவல் குறிப்பு, "இந்த எச்சரிக்கை தொல்லை தந்தால் அணைத்துவிடலாம்" என்று அதற்கான கம்பைலர் விசையையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருந்தது. நானும் அணைத்தேன். அது என் முட்டாள்தனம். ஆனால் சொல்லிக் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

வெளியே தெரியும் ஃபங்ஷன்களில் வெக்டரை மதிப்பாக வாங்கவோ தரவோ வேண்டாம். ஃப்ளோட் சுட்டியை வாங்கிக்கொண்டு, சீரமைப்பு (முகவரி 32 பைட்டின் மடங்காக இருப்பது) கேட்காத கட்டளையால் உள்ளே ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு லோடு கூடுவதால் யாருடைய வேகமும் பெரிதாகக் குறைந்துவிடாது. முடியாது என்றால், ஏவிஎக்ஸ் இல்லாமல் உங்கள் ஹெடர் கோப்பைச் சேர்க்கிறவருக்குக் கம்பைலே ஆகாமல் நிறுத்தும் மூன்று வரிகளை அதில் எழுதுங்கள். எந்த விசைகளோடு கம்பைல் செய்தீர்கள் என்பதைத் தொகுப்போடு ஓர் உரைக் கோப்பில் வையுங்கள்.

நிறுவல் குறிப்பில் அந்த எச்சரிக்கையை அணைக்கச் சொல்லும் வரியை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரியை இன்னமும் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்