டிக்கெட் போடுமுன் அலாரம் திகதியைப் பார்

அன்புள்ள பிள்ளைக்கு,

ஆவணியில் கனடாவிலிருந்து வரப்போவதாகச் சொன்னாய். அம்மா இப்போதே உன் அறையை ஒதுக்கத் தொடங்கிவிட்டா. டிக்கெட் எந்த நாளில் மலிவு என்று பார்க்குமுன், உன் தோலுக்கடியில் இருந்து முதுகுத்தண்டு நீருக்குள் வலிக்கு மோர்பின் விடும் பம்பின் அலாரம் திகதி, அதாவது மருந்து முடியப்போகிறது என்று அது சத்தம் போடும் நாள், எப்போது என்று பார். கடைசியாக மருந்து நிரப்பியபோது கிளினிக்கில் தந்த தாளில் அது இருக்கும்.

பம்பு 20 மில்லி கொள்ளும். ஆனால் 2 மில்லி மிஞ்சும்போதே அலாரம் அடிக்க வைத்திருப்பார்கள், ஆகவே உன் கணக்குக்கு 18 மில்லிதான். மில்லிக்கு 10 மில்லிகிராம் மோர்பின், நாளுக்கு 1.5 மில்லிகிராம் என்றால் தினம் 0.15 மில்லி போகும். 120 நாள் வரும். கைக்கருவியை அழுத்தி மேலதிக டோஸ் எடுத்தால் இது குறையும். ஒரு அழுத்தத்துக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை என்று வை, 100 நாளில் முடிந்துவிடும். பயண அலைச்சலில் கூட அழுத்துவாய். அந்தக் கூடின கணக்கை வைத்தே நாளைக் குறி. திரும்பிப் போய் இறங்கின பிறகும் இரண்டு மூன்று கிழமைக்கு மருந்து மிஞ்ச வேண்டும்.

இங்கே வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினையாதே. அது சும்மா ஊசி போடுகிற வேலை இல்லை. பம்பின் நடுவில் ஊசி ஏற்றும் அடைப்பைத் தோலுக்கு மேலால் தடவிக் கண்டுபிடித்து, அடைப்பைக் கிள்ளி எடுக்காத 22 கேஜ் ஹியூபர் ஊசியை அடித்தளத்தில் தட்டும்வரை இறக்க வேண்டும். பழைய மருந்தை முழுக்க உறிஞ்சி, பம்போடு பேசும் கிளினிக் கருவியான புரோகிராமர் காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வந்தால் பம்பிலோ, அதிலிருந்து முதுகுத்தண்டுக்கு மருந்து கொண்டுபோகும் குழாயிலோ ஏதோ பிழை. பிறகுதான் பாதுகாப்புப் பதார்த்தம் சேராத புது மருந்து, வடிகட்டி வழியாக, மெல்ல மெல்ல. ஊசி விலகிப் பம்புக்கு வெளியே தோலுக்கடியில் மருந்து போனால் 200 மில்லிகிராம் மோர்பினும் உடம்பில் இறங்கிவிடும். தூக்கம், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குவது, மூச்சு மந்தமாவது என்று கொண்டுபோய் உயிராபத்தில் விடும். நிரப்பின பிறகு அரை மணித்தியாலமாவது இருத்திப் பார்ப்பது அதற்காகத்தான். நீயும் நிரப்பி ஒரு கிழமையாவது போனபின் விமானம் ஏறு. பிழை ஏதும் இருந்தால் அங்கேயே தெரியட்டும்.

இன்னொன்று, இதை ஆரும் விளங்கப்படுத்தித் தரமாட்டார்கள். முதுகுத்தண்டு நீருக்குள் போகும் 1 மில்லிகிராம் மோர்பின், வாயால் எடுக்கும் ஏறத்தாழ 300 மில்லிகிராமுக்குச் சமம் என்பது வழக்கமான கணக்கு. தாளில் “நாளுக்கு 1.5 மில்லிகிராம்” என்று கண்ட புது டொக்டர், இது அற்பம் என்று நினைத்து வலிக்கு மோர்பின் வகையில் இன்னொரு ஊசியை முழு அளவில் போட்டுவிடலாம். அதே கணக்கைத் திருப்பிப்போட்டு, பம்பு நின்றுவிட்டது என்று 450 மில்லிகிராம் மாத்திரை எழுதுவதும் ஆபத்து; ஆளுக்கு ஆள் அந்த விகிதம் மாறும். உன் கிளினிக் டொக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கு. பம்பின் மொடல், தொடர் இலக்கம், மருந்து, செறிவு, நாளளவு, அலாரம் திகதி, பம்பு நின்றால் எந்த மாத்திரையில் எவ்வளவு தொடங்குவது, மூச்சு மந்தமானால் மோர்பினை முறிக்கும் நலோக்சோன் மருந்து, அவருடைய தொலைபேசி இலக்கம், எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி கைப்பையில், ஒன்று என்னிடம். உடம்பில் பம்பு இருக்கிறது என்று காட்டும் அட்டையை விமான நிலையத்தில் கையிலேயே வைத்திரு.

அலாரச் சத்தத்தைப் புரோகிராமரில் ஒருக்கால் அடித்துக் காட்டச் சொல். அவசரமென்றால் இரட்டைத் தொனி, மற்றதுக்கு ஒற்றை. மெல்லிய சத்தம்தான். பத்திரகாளி கோயில் ஒலிபெருக்கி போட்டால் எங்கள் வீட்டில் மனிசர் கதைப்பதே கேளாது, ஆகவே படுக்கப்போகுமுன் விசிறியை நிற்பாட்டிக் கேள். அலாரம் பம்புக்கு மட்டும்தான், குழாய்க்கு இல்லை என்பதையும் மறவாதே. குழாய் மடங்கினாலும் கழன்றாலும் பம்பு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், வலி மட்டும் திரும்பி வரும். அதோடு கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல், வயிற்றோட்டம் வந்தால் மருந்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். காலில் விறைப்போ பலவீனமோ, சலம் கழிக்கக் கஷ்டமோ என்றால் ஒரு நாளும் பொறுக்காதே. குழாயின் நுனியில் கட்டி வளர்ந்து நரம்பை அழுத்தலாம்.

கன்னியாவுக்குப் போவோம். ஆனால் வெந்நீர்க் கிணற்றில் குனிந்து குனிந்து வாளியால் அள்ளுவது உன் வேலை இல்லை. குனிவதும் திரும்புவதும்தான் குழாயை இழுக்கும். 39 பாகைக்கு மேல் சூடான தண்ணீரையும் பம்புக்கு மேல் ஊற்றாதே. வீட்டுக் கிணற்றிலும் இதே சட்டம். புறாமலைக்கு வள்ளத்தில் போகலாம், மேலாக மிதந்து பவளப்பாறை பார்க்கலாம். சிலிண்டர் கட்டி 10 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. தண்ணீரிலிருந்து வள்ளத்தில் நீயாகத் தொங்கி ஏறாதே, ஏணி உள்ள வள்ளமாகப் பிடித்துத் தருவேன். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஆறுதலாக ஏறலாம், அது பிரச்சினை இல்லை.

தடிமன் என்று மாமி பிரிற்றன் மாத்திரை தந்தால் வாங்காதே, மோர்பினோடு அது தூக்கத்தைக் கூட்டும். நாரிப்பிடிப்புக்குப் பிசியோவில் டயதர்மி என்ற மின் சூட்டுச் சிகிச்சை வைக்கக் கேட்டால் முடியாது என்று சொல். எக்ஸ்ரே, சீ.ரி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. வேறு கதை: காந்தத்துக்குள் பம்பின் மோட்டார் நின்றுவிடும், வெளியே வந்ததும் மறுபடி ஓடுகிறதா என்று புரோகிராமரால்தான் பார்க்க முடியும். உயிர்போகிற காரணம் இல்லாவிட்டால் அதைக் கனடாவில் வைத்துக்கொள். பகலோ இரவோ ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். கடிதத்தை முதலில் நீட்டு.

தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. கணக்கை நானும் ஒருக்கால் போட்டுப் பார்த்த பிறகு டிக்கெட் போடலாம்.

அன்புடன்,
அப்பா
திருகோணமலை