முதலில் முடக்குங்கள், பிறகு விசாரியுங்கள்: சமூக வலைத்தள நிறுவனங்களின் குறைதீர்ப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய், மிளகு, காப்பித்தூள் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் சார்பாக இதை எழுதுகிறேன். சமூக வலைத்தளத்தில் நாங்கள் நடத்திவந்த விற்பனைப் பக்கத்தை ஒரு திருடன் பறித்துக்கொண்டான். அது எப்படிக் கைமாறியது, எந்த மின்னஞ்சல் மாற்றப்பட்டது, எங்கிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் பதிவுகளில் இருக்கும். எங்களைவிட உங்களுக்குத்தான் அது தெளிவாகத் தெரியும். அதனால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். பக்கம் பறிபோனது என்று புகார் வந்தவுடன் அதை முதலில் முடக்குங்கள். யாருடையது என்ற விசாரணையைப் பிறகு நிதானமாக நடத்துங்கள்.

இப்போது நடப்பது தலைகீழாக இருக்கிறது. விசாரணை முடியும்வரை பக்கம் திருடன் கையில் இருக்கிறது. அவன் பதிவு போடுகிறான், விளம்பரமும் கொடுக்கிறான். முழு எட்டு எம்எம் அளவுள்ள பெரிய ஏலக்காய், பாதி விலை, முன்பணம் கட்டினால் வீட்டுக்கே வரும் என்கிறான். போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்பைசஸ் போர்டு என்ற மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் போகும் விலையில் பாதிக்கு நல்ல காய் கொடுக்க யாராலும் முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாகப் பார்த்துவரும் பக்கம், முன்பு வாங்கிய காயும் நன்றாக இருந்தது என்ற நம்பிக்கையில் பணம் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை நாங்கள் சம்பாதித்தது.

அந்த விளம்பரங்களில் ஓடுவதும் எங்கள் வீடியோதான். எங்கள் குழுவில் மூத்தவர், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், முறத்தில் காயைப் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் விரல் நுனியால் ஒதுக்கித் தள்ளுகிற வீடியோ. நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். முகம் காட்டுங்கள், முகம் தெரிந்தால்தான் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்காவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவர். ஒருநாள் அந்த ஜீப்பில் பக்கத்தில் இருந்த பெண் செல்போனை நீட்டி, "ஏக்கா, இது நீதான? மதுரைல எம் மருமக காசு கட்டி வாரக்கணக்காச்சு, காய் எங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அக்கா என்ன பதில் சொல்வார்? அவர் முகம், அவர் கை, எங்கள் முறம். பணம் மட்டும் வேறு யாருக்கோ போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா அந்த ஜீப்பில் ஏறுவதில்லை. வேறு ஜீப், வேறு தோட்டம், கூலியும் குறைவு. குழுக் கூட்டத்துக்கு வந்தாலும் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார். எங்கள் வியாபாரம் படுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வோம். ஒரு பெண்ணைச் சொந்த ஊரில் தலைகுனிந்து நடக்க வைத்ததை எப்படித் தாங்குவது?

நாங்கள் இருப்பது கேரள எல்லையோரம். தொழில் மலைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும். கோட்டயம் பக்கத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஒரு பெண் ஓணத்துக்கு வேண்டிய ஏலக்காய்க்கு முன்பணம் கட்டி ஏமாந்திருக்கிறார். அவர் தம் ஊர்க் காவல் நிலையத்தில் எங்கள் குழுவின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பது எங்கள் பெயர்தானே. விசாரணைக்கு வரச் சொல்லி மலையாளத்தில் போன் வந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, குழுவின் வங்கிப் பாஸ்புக், விலாசம் அச்சடித்த பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கம்பம், குமுளி வழியாக மலையேறிப் போனோம். பணம் போன கணக்கு எங்களுடையது இல்லை என்பதை அங்கே பார்த்தவுடனே புரிந்துகொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அங்கிருந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "உங்கள் பக்கம் இல்லையென்றால் அதை ஏன் இன்னும் மூடவில்லை?" என்றார். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

புகார் கொடுக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கொடுத்தோம், பல முறை. நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்ய ஆறு இலக்க எண் அனுப்புகிறோம் என்று வருகிறது. அந்த எண் போவது திருடன் மாற்றி வைத்திருக்கும் செல்போனுக்கு! மோசடி விளம்பரம் என்று வாடிக்கையாளர்களையும் புகார் செய்யச் சொன்னோம். பரிசீலித்தோம், எங்கள் சமூக விதிகளை இது மீறவில்லை என்று சில நிமிடங்களில் பதில் வந்தது. ஒரு மனிதர் படித்திருந்தால், கீழே வரிசையாகத் தமிழிலும் மலையாளத்திலும் "ஏமாந்துவிட்டேன், பணம் கட்டாதீர்கள்" என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். திருடன் அவற்றை நீக்கிக்கொண்டே இருக்கிறான், ஜனங்களும் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏடிஎம் அட்டை தொலைந்தது என்று வங்கிக்குப் போன் செய்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் அட்டையை முடக்குகிறார்கள். மற்றதெல்லாம் அப்புறம். இணைய மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லச் சொல்வதும், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்தத்தான். யாராவது பொய்யாகப் புகார் செய்தால் நல்ல பக்கமும் முடங்கிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் புகாருக்கும் முடக்கச் சொல்லவில்லை. மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் திடீரென்று மாறி, பழைய எண்ணிலிருந்தே புகார் வந்தால், புதிய பதிவுகளையும் விளம்பரங்களையும் மட்டும் நிறுத்தி வையுங்கள். உண்மையான உரிமையாளருக்கு இரண்டு நாள் வியாபாரம் நின்றால் பெரிய நஷ்டமில்லை. திருடனுக்கு இரண்டு நாள் கிடைத்தால் எத்தனை பேர் ஏமாறுவார்கள் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள நிறுவனம் இந்தியாவிலேயே வசிக்கும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று வகுத்த விதிகள் அவை. 2023-ல் மேல்முறையீட்டுக் குழுக்களும் வந்தன. நாங்கள் அங்கேயும் போவோம். ஆனால் ஒப்புகைக் கடிதத்தை இயந்திரம் அனுப்பினால் 24 மணி நேர விதி நிறைவேறியதாகிவிடுமா? இந்த மடலை வாசிக்கும் உங்களுக்கும் மனசாட்சி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எங்களை இந்த இடத்துக்கு அழைத்து வந்தவர்கள் நீங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது குமுளி, போடிமெட்டு எல்லை வழிகள் அடைபட்டன, ஏலக்காய் ஏலமும் நின்றது. அந்த நேரத்தில்தான் பக்கம் தொடங்கினோம். அதே வருஷம் ஜூன் கடைசியில் டிக்டாக் தடையானது. ஜூலையில் ரீல்ஸ், செப்டம்பரில் ஷார்ட்ஸ் என்று அடுத்தடுத்து வந்து, எல்லாரும் குட்டி வீடியோவுக்கு மாறினார்கள். நாங்களும் மாறினோம். முதல் மூன்று விநாடியில் கண்ணை இழுக்க வேண்டும் என்றார்கள், கற்றுக்கொண்டோம். பின்தொடர்கிறவர்களுக்கே பதிவு போய்ச் சேர வேண்டுமென்றால் காசு கட்டி பூஸ்ட் செய்ய வேண்டும் என்றார்கள், அதற்கும் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். புது வசதி எது வந்தாலும் விற்பனைக்கு உதவும் என்று எங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பூட்டு உடைந்தால் யாரிடம் போவது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எங்களிடம் வாங்கிய விளம்பரக் காசையும் இப்போது திருடன் கட்டுகிற விளம்பரக் காசையும் நீங்கள் ஒரே கையால்தான் வாங்குகிறீர்கள். கோபப்படக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் முடியவில்லை.

எங்களைப் போல மார்த்தாண்டத்தில், செங்கோட்டையில், வேலந்தாவளத்தில், நகரியில் எத்தனையோ பேர் ஒரு செல்போனை நம்பிக் கடை நடத்துகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்தே கேட்கிறோம். பறிபோன பக்கத்தை முதலில் முடக்குங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவரைப் புகார்களைப் படிக்க வையுங்கள். உறுதிசெய்யும் எண்ணைப் பழைய செல்போனுக்கும் அனுப்புங்கள். திருடன் கட்டிய விளம்பரப் பணத்தை வைத்துக்கொள்ளாமல், ஏமாந்தவர்களுக்குக் கிடைக்க வழி செய்யுங்கள்.

எங்கள் பக்கத்தைத் திருப்பித் தர நேரம் ஆகும் என்றால் காத்திருக்கிறோம். ஆனால் அக்காவின் முகம் உள்ள அந்த விளம்பரங்களை இந்த மடலைப் பார்த்த அன்றே நிறுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். புகார் எண் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்களுக்காக ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்