கல்வி வழிகாட்டி மேசையில் இன்னொரு நாற்காலி

கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடத்தும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு,

வணக்கம். அண்மையில் அப்படியொரு நிகழ்ச்சிக்குத் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். மருத்துவம், சட்டம், கணினி, கணக்கியல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, நீண்ட வரிசை. சுற்றுச்சூழல், இயற்கைவளப் பொருளியல் படிக்க ஆசை என்று அவள் சொன்னதும், மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "மரம் நடுறதுக்கு ஒரு பட்டமாம்மா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் வீடு வரும்வரை பிள்ளை வாய் திறக்கவில்லை.

பொருளியல் பட்டத்தில் அதைச் சிறப்புப் பாடமாக எடுத்தவன் நான். முதல் வாரத்திலேயே மரங்கள் காணாமல் போய்விட்டன. நுண்கணிதமும் புள்ளியியலும்தான் மிச்சம். இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இயற்கைமேல் பிரியம் மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டாம் பருவத்தில் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி என்னதான் படிக்கிறோம்? 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டத்தால் இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அபாய அளவான 401ஐத் தொட்டது. புகை வந்தது இந்தோனேசியாவின் சுமத்ராவிலிருந்து. அங்கே நிலத்தைத் துப்புரவாக்க நெருப்புதான் மலிவான வழி. மலிவு யாருக்கு? தீ வைத்தவருக்கு. இருமலும் மருத்துவச் செலவும் நமக்கு. ஒருவர் லாபம் பார்க்க, செலவு வேறொருவர் தலையில் விழும் இந்தக் கணக்கைப் புறவிளைவு என்பார்கள். மறு ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிராக இங்கே சட்டம் வந்தது. ஆனால் அடுத்த நாட்டில் எரியும் தீயை யார் மூட்டியது என்று எப்படி நிரூபிப்பது? எங்கள் வகுப்பில் அதிகச் சண்டை நடந்தது இந்த மாதிரிக் கேள்விகளில்தான்.

இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். 50 ஆண்டு கழித்துக் கடல்மட்ட உயர்வால் 1,000 வெள்ளி சேதம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? ஆண்டுக்கு 3 விழுக்காடு கூட்டுவட்டிக் கணக்கில் எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் ஏறக்குறைய 228 வெள்ளி. 7 விழுக்காடு என்றால் வெறும் 34. ஒரே கடல், ஒரே சேதம், விடை மட்டும் தலைகீழ். எந்த விழுக்காட்டை எடுப்பது என்பது, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்ற கேள்வி. கரையோரப் பாதுகாப்புக்கு 50 முதல் 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளிக்கு மேல் ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் சொன்னாரே, அந்தத் தொகையின் அடியிலும் இதே கேள்விதான் இருக்கிறது.

பிறர் தலையில் விழும் செலவை உண்டாக்குகிறவரிடமே வாங்குவதற்கு உதாரணம் தேடி நாங்கள் வெளியூர் போகவே தேவையிருக்கவில்லை. நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் 1975லிருந்தே கட்டணம் வாங்கும் ஊர் இது. ஆலைகள் வெளியேற்றும் பசுமை இல்ல வாயுவுக்கான கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25. 2026க்கு 45 என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஏன் முன்கூட்டியே? ஆலைகள் இயந்திரத்தை மாற்ற அவகாசம் வேண்டும், அதனால்தான்.

பொதுவளத்தை ஊர்மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியம். 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பராமரிக்கக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த மொழிக்காரர்களுக்கு, இந்தப் படிப்பு அந்நியமாகத் தெரிவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, வேலை? மருத்துவர் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அரசு அமைப்புகள், வங்கிகள், நிறுவனங்களுக்குக் கரிமக் கணக்குப் போடும் ஆலோசனையகங்கள் என்று போக இடமிருக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த நிகழ்ச்சியில் இத்துறைக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடுங்கள். அப்புறம், பேசுகிறவர் தமிழிலேயே பேசட்டும், பெற்றோர்களுக்கும் புரியும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
பொருளியல் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவியின் தாய்மாமன்