பாப்பம்மாக்கா விழுந்த பள்ளம்

நகரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்கு எழுதியதோடு சரி, அப்புறம் ஒரு வரி இல்லை. கோபமாக இருப்பாய், இரு. போனில் பேசித் தீர்கிற விஷயமாக இருந்தால் போனே போட்டிருப்பேன். இது எழுதினால்தான் எனக்கு ஆறும்.

பாப்பம்மாக்கா விழுந்துவிட்டாள்.

உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இடுப்பு எலும்பு முறிவு. திருப்பதியில் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நம் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் போடத் தோண்டிய பள்ளம் இருக்கிறதே, அதில் மழையோடு மழையாக, விடிவதற்கு முன்னால், மாவுக் குண்டானோடு விழுந்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள். தறிச் சத்தத்தில் என் காதில் விழவில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பையன்தான் பார்த்து 108-க்கு அடித்தான். தூக்கும்போது "மாவு போச்சேடா" என்றாளாம்.

அந்தப் பள்ளம் போன ஆட்சியில் தோண்டியது. தேர்தலுக்கு முன்னால் அவசர அவசரமாகத் தோண்டி, கோவில் முனை வரைக்கும் குழாய் இறக்கினார்கள். ஆட்சி மாறியது, கான்ட்ராக்டருக்கு பில் நின்றது, மிச்சக் குழாயை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். நாலு தடவை மனு கொடுத்தேன். "அது அவங்க வேலைங்க, புதுசா எஸ்டிமேட் போட்டாத்தான் உண்டு" என்று பதில். அவங்க வேலையாம்! குடிக்கப் போவது நம் தெரு ஜனம்.

ராகவனும் சீனுவும் அவளைப் பார்க்க வந்தார்கள். தனித்தனியாகத்தான். ஒருவன் ஆளும் பக்கம், ஒருவன் எதிர்ப் பக்கம், உனக்குத் தெரியாததா. "அவங்க பாதியில விட்டுட்டுப் போனது" என்றான் ராகவன். "நாங்க இருந்திருந்தா முடிச்சிருப்போம், இவங்க வேணும்னே நிறுத்திட்டாங்க" என்றான் சீனு. இரண்டு பேரும் அவள் இட்லியைக் கடனுக்குத் தின்று வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குள் வந்தார்கள். ஒரு லோடு மண் கொட்டலாம் என்று ஒருவன் வாயிலும் வரவில்லை. நானே கொட்டிவிடுகிறேன் என்று சொன்னதற்கு சீனு என் கையைப் பிடித்தான். "மூடாதே, முனிசிபல் எலெக்‌ஷன் வரட்டும்."

சண்முகம், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலை முடியாமல் கிடப்பதை விடு. அது முடியாமலே கிடக்கவேண்டும் என்று நம்மோடு படித்தவன் ஆசைப்படுகிறான். அவனுக்கு அந்தப் பள்ளம் வேண்டியிருக்கிறது.

இதையேதான் பெரிய அளவில் எங்கள் ஆந்திர மாநிலமே பார்த்தது. அமராவதிக்கு 2015 அக்டோபரில் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 33,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை விவசாயிகள் தலைநகருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2019-ல் ஆட்சி மாறியது. அந்த டிசம்பரிலேயே ஒரு தலைநகர் இல்லை, மூன்று என்றார்கள். நிலம் கொடுத்தவர்கள் வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். 2024-ல் மறுபடி ஆட்சி மாற, 2025 மே மாதம் அதே பிரதமர் வந்து வேலையை மறுபடி தொடங்கி வைத்தார். பத்து வருஷம்! அஞ்சு ரூபாய்ச் சாப்பாட்டுக்கும் இதே கதிதான். 2018-ல் அண்ணா கேன்டீன் திறந்தார்கள், 2019-ல் மூடினார்கள், 2024 ஆகஸ்ட் 15 அன்று திரும்பத் திறந்தார்கள். நடுவிலே இருந்த அஞ்சு வருஷம் மூட்டை தூக்குகிறவனுக்குப் பசிக்கவில்லையா? கணக்கில் தப்பிருந்தால் கணக்கைப் பார், யார் வேண்டாம் என்றது? சோற்றை ஏன் நிறுத்துகிறாய்?

சிரிக்காதே, உங்கள் தமிழ்நாட்டுப் பக்கமும் சளைத்ததில்லை. 2011-ல் சமச்சீர்க் கல்வியை நிறுத்தப்போய், பள்ளிக்கூடம் திறந்தும் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கைக்கு வந்தது. உன் கவிதா அப்போது ஒன்பதாவது. வெறும் பையோடு போகிறாள் என்று நீ என்னிடம் எவ்வளவு புலம்பினாய்! ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். 2021-ல் தேர்தல் முடிவு வந்த கையோடு அம்மா உணவகத்துப் பலகையைப் பிய்த்துப் போட்டார்களே, அந்த ஆட்களை அவர்கள் கட்சியே நீக்கியது, பலகையும் திரும்ப ஏறியது. அன்று மனசு குளிர்ந்து உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கா?

ஊத்துக்கோட்டைக்குப் போனோமே, அதுவும் ஞாபகம் இருக்கும். 1996. உன் அண்ணன் ஸ்கூட்டர். நாகலாபுரம் வழியாகப் போய், சுருட்டப்பள்ளியில் இறங்கிச் சாமி கும்பிடாமல் வந்ததற்கு அம்மாவிடம் வாங்கினோம். கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஜீரோ பாயின்ட்டில் கிருஷ்ணா தண்ணீர் மண் நிறத்தில் வந்தது. நீ கால்சட்டையோடு இறங்கிவிட்டாய்.

இப்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்குக் கிருஷ்ணாவில் உரிமையே கிடையாது. மெட்ராஸ் தாகத்துக்காக 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுத்தன. 1983 ஜனவரியில் ஆந்திராவில் என்.டி.ராமாராவ் காங்கிரசைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் அவரும் எம்.ஜி.ஆரும் அந்தத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவர ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த மாதம் திட்டத்தைத் தொடங்கி வைத்தது யார்? அவரிடம் தோற்ற கட்சியின் தலைவி இந்திரா காந்தி. அவர்கள் ஒன்றும் சாமியார்கள் இல்லை. மறு வருஷம் ஆகஸ்டில் கவர்னர் ராமாராவை நீக்கிவிட்டு வேறொருவரை முதல்வராக்கினார், ஒரு மாதம் ஊரே கொதித்தது. அப்படி அடித்துக்கொண்டவர்கள்தான். ஆனாலும் கால்வாயை யாரும் தூக்கி எறியவில்லை. 83-லிருந்து 96 வரை இரண்டு மாநிலத்திலும் கட்சிகள் மாறி மாறி வந்தன, கால்வாய் எல்லையைத் தாண்டியது. எல்லையில் 12 டிஎம்சி தரவேண்டும், முழுசாக வந்ததில்லை, அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் நீ இன்று பல் தேய்க்கிற தண்ணீரில் அதுவும் கலந்திருக்கிறது.

வரதராஜுலு சார் வகுப்பில் படித்துக் காட்டுவாரே, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது. கட்சிகள் தங்கள் கொள்கையை நாட்டுக்கு மேலே வைத்தால் சுதந்திரம் இரண்டாம் முறையும் ஆபத்துக்குள்ளாகும் என்று. கொள்கைக்காகக்கூட நாட்டைக் கீழே இறக்காதே என்றார் அவர். ராகவனுக்கும் சீனுவுக்கும் நடுவில் என்ன கொள்கை வித்தியாசம்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில் இரண்டு பேரும் ஒரே கொடி.

தறி ஓடுகிறது, கூலிதான் ஏறவில்லை. கமலா உன் சம்சாரத்தை விசாரித்தாள். பெரியவனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை.

பள்ளத்தை மூடிவிட்டோம். போன புதன்கிழமை, தெருவில் வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு இரண்டு டிராக்டர் மண். சீனு பேசுவதில்லை. இறக்கின குழாய்க்கு மேலே மட்டும் பலகை போட்டு விட்டிருக்கிறோம், என்றைக்காவது இழுக்க வருவார்கள் என்று.

பாப்பம்மாக்கா வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறாள். உன்னைக் கேட்டாள். நீ தரவேண்டிய பாக்கி இன்னும் அவள் சுவரில் இருக்கிறதாம். கவிதாவையும் அழைத்துக்கொண்டு வா.

உன்,
மணி