பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்: பழைய காமிக்ஸுக்கு ஒரு இடம் குடுங்க

திருநெல்வேலி மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுவுல இருக்குற பெரியவங்களுக்கும், வாசகர் வட்டத்து அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சுத்தி வளைக்காம கேட்டுருதேன். மாவட்ட மைய நூலகத்துல பழைய தமிழ் காமிக்ஸுக்குன்னு தனியா ஒரு இடம் வேணும். குறிப்புதவிப் பிரிவுக்குள்ளயே நாலு பீரோ போதும், வீட்டுக்குக் குடுக்க வேண்டாம், வாறவங்க உள்ள உக்காந்து படிச்சிட்டுப் போகட்டும். முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ், திகில், மினி லயன், அதோட பூந்தளிர், ரத்னபாலா, எது கிடைக்குதோ அது. வயசான ஆட்கள் சின்னப்புள்ள ஞாபகத்துல உருகுதாங்கன்னு நெனச்சு இத ஒதுக்கிராதீங்க. ஞாபகம் நெறைய இருக்கு, புஸ்தகம்தான் இல்ல, அதுதான் எங்க பிரச்சனையே. இத எப்படிச் சொன்னா வெளங்கும்னு ரொம்ப நாளா யோசிச்சேன், பாட்ட வச்சுச் சொல்லலாம்னு தோணுச்சு.

1992-ல ரஹ்மான் வந்தப்போ நம்ம ஜங்ஷன் பக்கத்து டீக்கடையெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சு கெடந்துச்சு. ராஜா ஆட்கள் "இது மிசின் சத்தம்லா, இதப் போயி பாட்டுங்கியே, ரெண்டு வருசம் தாங்காதுவே"ன்னு அடிச்சுச் சொன்னாவ. அதே ஆட்கள் இன்னைக்கு கார்ல போடுறது அந்தக் காலத்து ரஹ்மான் பாட்டத்தான், கேட்டா "அப்ப உள்ள மெலடி இப்ப எங்கவே வருது"ன்னு நம்மட்டயே சொல்லுதாவ. தேவா கதை இன்னும் பெருசு. 90-கள்ல நல்ல ரசிகர்னு தன்னச் சொல்லிக்கிட்ட யாரும் அவர ஒரு கணக்குலயே சேக்கல, கானான்னு சொன்னாலே மூஞ்சச் சுளிப்பாவ. இன்னைக்கு கோயில் கொடைத் திருவிழால மெல்லிசைக் குழு தேவா பாட்ட எடுத்தா, அந்தப் பாட்டு வந்தப்போ பொறக்கவே செய்யாத பயலுவ எந்திரிச்சு ஆடுதானுவ, பொறத்தால உக்காந்திருக்க அவன் அப்பாவும் வாயசைக்காவ.

வெளிநாட்டு பேண்டுகளுக்கும் இதேதான் நடந்திருக்கு. ஸ்வீடன்ல இருந்து வந்த ஆபா குழு 1974-ல யூரோவிஷன் பாட்டுப் போட்டில ஜெயிச்சு உலகம் பூரா ஓடுனவங்க, ஆனா ராக் கேக்குறவங்க மத்தியில அவங்க பேரச் சொல்லவே கூச்சப்படுவாங்க. 1982-ல குழு நின்னுபோச்சு, 1992-ல பழைய பாட்டையெல்லாம் ஒரே தொகுப்பாப் போட்டாங்க, அது கோடிக்கணக்குல வித்துச்சு, அப்புறம் கிண்டல் பண்ணவங்களே அந்தப் பாட்டு எப்படிக் கட்டிருக்காங்கன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. 2021-ல நாப்பது வருசம் கழிச்சுப் புது ஆல்பமே வந்துச்சு. 1979 ஜூலை 12 அன்னைக்கு சிகாகோல ஒரு பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டையெல்லாம் குவிச்சு வெடி வச்சே தகத்துனாங்க, ஆட்கள் மைதானத்துக்குள்ள பாஞ்சு அடுத்த ஆட்டமே நடக்கல. டிஸ்கோவால பேர் வாங்குன பீ ஜீஸ் குழுவோட பாட்ட ரேடியோல போடவே அன்னைக்கு இருந்த வெறுப்புல தயங்குனாங்க. இப்ப பீ ஜீஸ யாரும் அப்படிப் பேசுறதில்ல.

எங்க வீட்டுல என் மகன் செட்டு லிங்கின் பார்க் கேட்டு வளந்தது. 2010-ல அந்த பேண்ட் கிதார் சத்தத்தக் குறைச்சு வேற மாதிரி ஒரு ஆல்பம் போட்டப்போ எங்க வீட்டு மாடில பெரிய சண்டையே நடந்துச்சு, ஏமாத்திட்டானுவன்னு ஒருத்தன், இதுதாம்டே வளர்ச்சின்னு இன்னொருத்தன். 2017-ல அதோட பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்துபோன பொறவு அதே ஆல்பத்த அதே பயலுவ கண்ணீரோட கேட்டானுவ. 2024-ல எமிலி ஆம்ஸ்ட்ராங் பாட வந்ததும் மறுபடி சண்டை. நான் இதப் பாத்துச் சந்தோசப்பட்டேன், மனசாரச் சொல்லுதேன். ஒரு ரசிகன் மனசு மாறுறதுதான் அவன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்கறதுக்கு அடையாளம்.

ஆனா மனசு மாறணும்னா பாட்டு கைல இருக்கணும்லா. கேசட் போயி சிடி வந்து சிடி போயி போன் வந்தாலும் பாட்டு கூடவே வந்துச்சு. பிடிக்காதுன்னு சொன்னத இருபது வருசம் கழிச்சு ஒரு ராத்திரி பஸ்ல தற்செயலாக் கேட்டு, அட இது நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல முடிஞ்சது அதனாலதான். பாட்டுலயும் தொலஞ்சது உண்டு, 2008-ல ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோ தீயில எத்தனையோ பேரோட மூல ஒலிநாடா எரிஞ்சு போச்சு. நம்ம ஊர்லயே பாருங்க, 80-கள்ல கொடைக்குக் கொடை ராத்திரி விடிய விடிய வாசிச்ச மெல்லிசைக் குழுக்கள் எத்தனை, வெள்ளாளன்குளத்துலயும் பேட்டைலயும் மேடை முன்னால டேப் ரிக்கார்டர வச்சுப் பதிஞ்ச கேசட் எல்லாம் இப்ப பூஞ்சை. எந்தக் குழு கீபோர்டுல கெட்டின்னு இன்னைக்கும் பெருசுங்க பேசுதாவ, ஆனா சரியா தப்பான்னு பாக்க ஒரு வழியும் கெடையாது.

காமிக்ஸ் மொத்தமும் இன்னைக்கு அந்த நெலமைலதான் இருக்கு. 1972-ல சிவகாசில முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, 1984-ல லயன் வந்தது, அதே வருசம் தினத்தந்தி வீட்டுல இருந்து ராணி காமிக்ஸ் வந்து 2005 வரைக்கும் 500 இதழ் ஓடுச்சு. சிவகாசி இங்க கூப்பிடு தூரம், அதனால பெட்டிக்கடைக் கயித்துல புது இதழ் சட்டுனு தொங்கிரும். ராணி காமிக்ஸ் மாசம் ரெண்டு. இவ்வளவு அச்சாகி இவ்வளவு பேர் படிச்ச ஒரு சரக்கு இன்னைக்கு நம்ம மாவட்டத்துல எந்தப் பொது இடத்துலயாவது முழுசா இருக்கா? எனக்குத் தெரிஞ்ச ஒரு நூலகத்துல விசாரிச்சேன், "அதெல்லாம் கிழிஞ்சதும் கழிச்சிருவோம், அது புக்குக் கணக்குலயே வராது"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல இருந்தது எங்க போச்சுன்னா, பரீட்சைக்கு முந்தி அப்பாமார் எடுத்து பழைய பேப்பர் கடைல போட்டாச்சு, கலியாணமாகி வீடு மாறும்போது மிச்சம் போச்சு. மிச்சத்துல மிச்சத்த 1992 நவம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் கொண்டு போச்சு. அந்த 2023 மழைல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சது உங்களுக்கே தெரியும், ஆத்தோரம் இருந்த வீடுகள்ல ஆதார் கார்டையே காப்பாத்த முடியல, பரண்ல இருந்த காமிக்ஸ யாரு பாப்பா. தண்ணி படாதது மட்டும் என்ன வாழுது, எல்லாம் மட்டமான நியூஸ்பிரிண்ட் பேப்பர், அதுல உள்ள அமிலமே அதத் தின்னுரும், பின் துருப்பிடிச்சு நடுத்தாள் கழண்டு, தொட்டா அப்பளமா ஒடியுது.

இதனால என்ன ஆச்சுன்னா காமிக்ஸப் பத்தி எங்களுக்கெல்லாம் ஒரே கருத்துதான், பத்து வயசுல இருந்த அதே கருத்து. அபாரம், பொக்கிசம், அது மாதிரி வராது, அவ்வளவுதான். ரஹ்மானுக்கும் தேவாவுக்கும் கெடச்ச மறுபரிசீலனை நம்ம மாயாவிக்குக் கிடைக்கல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கோ ஒரு கருத்தும் கெடையாது. சண்டை போடக்கூட ஆள் இல்ல.

நான் கையில கெடச்ச கொஞ்சத்த இப்ப திருப்பிப் படிச்சுப் பாத்ததுல சொல்லுதேன், இதுல பேச எவ்வளவோ இருக்கு. மாயாவிக்கு மின்சாரம் பாஞ்சா உடம்பு மறஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும், அந்த ஒரு யோசனைக்காகவே நாங்க அவர சாமி மாதிரி வச்சிருந்தோம், ஆனா 1962-ல இங்கிலாந்துல வேலியண்ட் பத்திரிகைல அந்தக் கதை தொடங்குனப்போ அவர் நல்லவரே இல்ல, புத்தி தடுமாறித் திருட எறங்குற ஆளு, பொறவுதான் ரகசிய ஏஜென்ட் ஆனது. ஹெசூஸ் பிளாஸ்கோங்கற ஸ்பெயின் ஓவியர் அதுல இருட்ட வரஞ்சிருக்கத இப்பப் பாத்தாதான் அவர் கை வெளங்குது, பத்து வயசுல நாங்க வசன பலூனத்தான படிச்சோம். முகமூடி வேதாளர எடுத்துக்கோங்க. 1936-ல லீ ஃபாக் உண்டாக்குன ஆளு, தலைமுறை தலைமுறையா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டுல உக்காந்து கருப்பு சனங்களுக்கு நீதி சொல்லுது, இன்னைக்குப் படிக்கிற ஒரு கல்லூரிப் பிள்ளை அதப் பாத்துட்டு "இது என்ன நியாயம்"னு கேக்கும், கேக்கணும். மந்திரவாதி மாண்ட்ரேக் கூட வாற லொதார் மொதல்ல சிறுத்தைத்தோல் கட்டுன வேலைக்காரன், 1965-க்கு மேல ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் வரைய வந்த பொறவு சட்டை போட்டு, ஒழுங்காப் பேசி, சரிசமமான நண்பனா மாறுனாரு. இந்த மாத்தத்தையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்க முடிஞ்சா எங்க பாசம் கொறஞ்சிராது. கொறஞ்சாலும் பரவாயில்ல, அது நெசமான பாசமா மாறும்.

இங்கிலாந்துக்காரங்க அவங்க சரக்க விடல. ரெபல்லியன்னு ஒரு கம்பெனி 2016-லயும் 2018-லயும் ஃப்ளீட்வே, ஐபிசிங்கற பதிப்பகங்களோட பழைய காமிக்ஸ் உரிமைய மொத்தமா வாங்கி, இரும்புக்கை கதையக்கூட நல்ல தாள்ல மறுபடி போட்டாங்க. ஆனா அதுல நம்ம தமிழ் இருக்காது. அந்த வசனம், வில்லன் திட்டுறது, கடைசிப் பக்க வாசகர் கடிதம், நம்ம தென்காசி, அம்பாசமுத்திரம் பயலுவ எழுதிப் போட்டது, அதெல்லாம் சிவகாசி அச்சுல மட்டும்தான் உண்டு.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னும் யோசிச்சுப் பாத்தேன். 1954 சட்டப்படி அச்சாகுற புஸ்தகம் எல்லாம் சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஒண்ணு போகணும்லா, அங்க போயி பாருங்கன்னு சொல்லலாம். எழும்பூர் இங்கேருந்து 600 கிலோமீட்டருக்கு மேல, மேலப்பாளையத்துல ஒன்பதாங்கிளாஸ் படிக்குற பிள்ளை அங்க எப்படிப் போகும். பதிப்பகமே மறுபதிப்பு போடுதேன்னு சொல்லலாம். போடுதாங்க, நாங்களும் புத்தகத் திருவிழாவுல வரிசைல நின்னு வாங்குதோம், அவங்களுக்குக் கோடிப் புண்ணியம், ஆனா அது விக்கிற கதைக்குத்தான் வரும், நின்னுபோன இதழ்களுக்கு யாரு இருக்கா. வெளிய பழைய இதழ் தேடுனா ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல விலை சொல்லுதாங்க, வசதி உள்ளவன் வாங்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பூட்டி வச்சுக்கிடுதான். காமிக்ஸ் இலக்கியமான்னு யாராவது கேட்டா கோட்டையூர் ரோஜா முத்தையாவச் சொல்லுங்க. போர்டு எழுதுற ஓவியர், கலியாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ்னு மத்தவங்க தூக்கிப் போட்டத எல்லாம் சேத்து வச்சாரு, அவர் 1992-ல இறந்துபோன பொறவு சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி, இன்னைக்கு சென்னைல அவர் பேர்லயே ஆராய்ச்சி நூலகமா நிக்கி.

பணத்தப் பத்தியும் பேசிருவோம். 1948-லயே பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் நம்மளது. சொத்து வரில ரூபாய்க்கு 10 காசு நூலக வரியா நாங்க கட்டுதோம், அதுல ஒரு துளி இதுக்கு வரட்டும். இல்ல அதுவும் கஷ்டம்னா பீரோவுக்கும், அமிலம் இல்லாத அட்டைப்பெட்டிக்கும், நாங்களே புரவலராச் சேந்து காசு கட்டுதோம். உங்கட்டருந்து வேண்டியது இடமும், பதிவேட்டுல ஒரு எண்ணும், இது கழிக்கக்கூடாத புஸ்தகம்னு ஒரு கையெழுத்தும்தான். அந்தக் கையெழுத்து இல்லன்னா நாளைக்கு அடுத்த அலுவலர் வந்து மூட்டை கட்டிருவாரு, அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ஸ்கேன் பண்ணுறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகத்துல ஏத்துறது எல்லாம் உரிமை உள்ளவங்கட்ட கேட்டு மெதுவாச் செய்யலாம், மொதல்ல தாள் ஒடியாம இருக்கட்டும்.

அதோட பக்கத்துலயே கோயில் கொடை கேசட்டுக்கும் ஒரு தட்டு ஒதுக்குனீங்கன்னா எங்க மகராசன்னு வாழ்த்துவோம். அது பொறவு பேசிக்கிடலாம்.

சமாதானபுரத்துல ஒருத்தர், டவுன் ரதவீதில ஒரு அக்கா, கல்லிடைக்குறிச்சில ஒரு ரிட்டையர்டு வாத்தியார், இப்படி இதழ் வச்சிருக்கவங்க நாலஞ்சு பேர் ஒண்ணாக் கூடிப் பேசிட்டோம். வெல பேசல, சும்மாவே தாறோம்னு எல்லாரும் சம்மதிச்சாச்சு. வாத்தியாரு மட்டும், குடுத்த பொறவும் வாரம் ஒருக்கா வந்து படிக்க விடுவாங்களான்னு கேட்டாவ, அதுக்கும் ஒரு பதில் சொல்லிருங்க. இந்த மழைக்கு முந்தி மாத்திட்டா நல்லது. எந்த நாள்ல பெட்டியக் கொண்டு வரணும், யார்ட்ட ஒப்படைக்கணும்னு ஒரு வரி எழுதிப் போடுங்க, வண்டிச் செலவு எங்களோடது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை காமிக்ஸ் வாசகர்கள் சார்பா ஒருத்தன்