சர்வர் எங்களுடையது, பேக்கப் எங்களுடையது, பூட்டு மட்டும் உங்களுடையது

பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவை, ஹைப்ரிட் கிளவுட் பிரிவு

பொருள்: மூன்று நோடு கிளஸ்டர் முடக்கம், மூன்று முறை தீர்வின்றி மூடப்பட்ட டிக்கெட், உங்கள் ஊழியரின் அவமரியாதை – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை நான் எழுதுவது இது ஆறாவது முறை. முதல் ஐந்தும் டிக்கெட்டுக்குள், அதாவது உங்கள் புகார்ப் பதிவுக்குள், பதிலாகப் போனவை. அங்கே எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது 19 நாட்களில் எனக்குத் தெளிவாகிவிட்டதால், இதைத் தனிக் கடிதமாக உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். இதுவரை உங்கள் ஊழியர்கள் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். ஏழு பேருக்கும் முதல் வரியிலிருந்து கதை சொன்னேன். ஒருவர்கூட முந்தையவர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்துவிட்டுப் பேச வரவில்லை. பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இடையிடையே அது தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளஸ்டர் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மென்பொருளால் ஒன்றாக இணைந்து ஓடும் மூன்று சர்வர்கள் (நோடுகள்), ஒவ்வொன்றிலும் 16 கோர் கொண்ட இரண்டு ப்ராசஸர்கள், ஆக மொத்தம் 96 கோர். அந்த 96 கோருக்கும் மாதந்தோறும் கட்டணம் எடுத்துக்கொள்கிறீர்கள். சர்வர்களை நாங்கள் மனம்போன போக்கில் வாங்கவில்லை. நீங்கள் வெளியிட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட வன்பொருள் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, மாடல் எண் பார்த்து, நெட்வொர்க் கார்டு பார்த்து, பாதுகாப்புச் சிப்பான டி.பி.எம். 2.0 இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். தரவை மூன்று பிரதிகளாக வைக்கச் சொன்னீர்கள். வாங்கிய வட்டுகளில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்பாட்டுக்கு வரும் என்று தெரிந்தே அதற்கும் சம்மதித்தோம். வன்பொருளில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். பின்னால் உங்கள் ஊழியர் பேசிய பேச்சுக்கு இது தேவைப்படும்.

நடந்தது இதுதான். உங்கள் மாதாந்திர அப்டேட்டை அறிவித்தபடி நிறுவினோம். மூன்று நோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கமாகி ஒழுங்காக எழுந்தன. உங்கள் இணையப் போர்ட்டலில் பச்சை நிறத்தில் ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அதற்கு மேல் சந்தேகப்பட எங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்தே, உங்கள் மென்பொருளை ஓட்ட எங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்கும் உரிமச் சரிபார்ப்பு உங்கள் கிளவுடைப் போய்ச் சேரவில்லை. 30 நாட்கள் கழிந்ததும் கிளஸ்டர் பூட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) ஓடின, புதிதாக ஒன்றைக்கூட உருவாக்க முடியவில்லை. இது கூட எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வாரம் புதிதாக எதையும் உருவாக்கும் தேவை வரவில்லை. ஒரு மின்னஞ்சல் வரவில்லை. ஒரு எச்சரிக்கை வரவில்லை. பச்சை நிறம் அப்படியே இருந்தது.

34ஆம் நாள் எங்கள் கணக்குத் தரவுத்தளம் இருந்த மெய்நிகர் வட்டின் கோப்பு முறைமை சிதைந்தது. சிதைவதற்கு நீங்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை, இப்படி நடப்பது உண்டு, அதற்குத்தான் பேக்கப் எடுக்கிறோம். முந்தைய இரவின் பேக்கப் முழுமையாக, சரிபார்க்கப்பட்டு, அதே அறையில் இருந்தது. மீட்டெடு என்று கட்டளை கொடுத்தேன். மறுத்துவிட்டது. பேக்கப்பிலிருந்து மீட்பதும் உங்கள் மென்பொருளின் கணக்கில் ‘புதிய மெய்நிகர் கணினி உருவாக்கம்’தானாம்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சர்வர் எங்கள் பணத்தில் வாங்கியது. மின்சாரம் நாங்கள் கட்டுவது. வட்டு எங்களுடையது, அதில் இருக்கும் தரவு எங்களுடையது, பேக்கப் எங்களுடையது. எல்லாம் கண்முன்னே நல்ல நிலையில் இருக்க, எங்கள் தரவை எங்கள் இயந்திரத்தில் எடுத்து வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. இணைப்பு அறுந்தாலும் உள்ளே எல்லாம் ஓடும், கட்டுப்பாடு எங்கள் கையிலேயே இருக்கும் என்று சொல்லித்தான் உங்கள் விற்பனைப் பிரிவினர் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். தரவு கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் முழுக் கிளவுடை விட்டுவிட்டு இந்த ஏற்பாட்டுக்கு வந்தோம். மூன்று நாட்கள் எங்கள் நிறுவனமே உலகில் இல்லாமல் போனது போல ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய நம்பிக்கை மண்ணோடு மண்ணானது.

அன்றே டிக்கெட் போட்டேன், மிக அவசரம் என்று குறித்துத்தான் போட்டேன். மறுநாள் பேசினார் உங்கள் மூன்றாவது ஊழியர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு நிமிடம் விளக்கிய பிறகு அவர் சொன்ன பதில்: “சர்வரை வாங்கியது நீங்கள். அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்? வன்பொருள் நிறுவனத்திடம் கேளுங்கள்.” பூட்டியது வன்பொருள் இல்லை, உங்கள் உரிமச் சரிபார்ப்பு என்று மறுபடியும் சொன்னேன். அதற்கு, “உங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள்” என்றார்.

நான் 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். அழைப்பு ஒலிபெருக்கியில் இருந்தது. என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர்கள் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தொழில்நுட்பக் கோளாறை நான் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க மாட்டேன்.

அவர் சொன்னபடி வன்பொருள் நிறுவனத்தையும் கேட்டோம். பரிசோதனை ஓட்டி, பழுது எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதை உங்களுக்கு அனுப்பினேன். மறுநாளே ‘வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை’ என்று டிக்கெட்டை மூடினீர்கள். பதில் அதே டிக்கெட்டில்தான் இருந்தது.

பிறகு லாக் (இயக்கப் பதிவு) கேட்டீர்கள். மூன்று நோடுகளின் லாகும் சேர்ந்து 38 ஜி.பி. பதிவேற்றும் இணைப்பு 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடுகிறது. எங்கள் இணைய வேகத்தில் அது 91 சதவீதத்தில் நின்றது. புதிய இணைப்பு கேட்டால் கொடுக்க ஒன்றரை நாள். இப்படி மூன்று முறை. கடைசியில் போய்ச் சேர்ந்த லாகை யாரும் திறந்தார்களா என்று தெரியவில்லை. திறந்திருந்தால் விடை அதிலேயே இருந்திருக்கும்.

இப்போது நான் வீணாகப் போய்வந்த ஒரு பயணத்துக்கு வருகிறேன். டிக்கெட் போட்ட ஆறாம் நாள். உங்கள் ஐந்தாவது ஊழியர், மூன்று சர்வர்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த நிலைக்கு அனுப்ப முடியும் என்றார். சர்வர்கள் இருக்கும் தரவு மையம் என் மேசையிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். வரிசை எண்ணை இங்கிருந்தே எடுத்துத் தருகிறேன் என்றேன். சர்வரின் மேலாண்மைக் கட்டுப்படுத்தியிடம், சர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் ரெட்ஃபிஷ் வழியே ஒரு கட்டளை கேட்டால் போதும். 2015இலேயே வெளியான தரநிலை அது, உங்கள் பட்டியலில் இருக்கும் இந்த மாடலிலும் இருக்கிறது. ஏற்கவில்லை. படம்தான் வேண்டும் என்றார்.

போனேன். அவசர அனுமதி வாங்கி, ரேக்கின் பின்பக்கம் வெப்பக் காற்று முகத்தில் அடிக்க, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். சீட்டு பவர் கேபிள் கட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓடும் சர்வரின் கேபிளைக் கழற்ற முடியாது. ஒரு கையால் கட்டை விலக்கிப் பிடித்து, மறு கையில் செல்பேசி, வாயில் சிறு டார்ச். வெள்ளைச் சீட்டில் எறும்பளவு எழுத்து, கடைசி எழுத்து 8 என்பதா பி என்பதா என்று தெரியாமல் நான்கு முறை எடுத்தேன். மூன்று சர்வருக்கும் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வந்த பதில்: ‘வரிசை எண்கள் எங்கள் பதிவில் ஏற்கெனவே உள்ளன. படங்கள் தேவையில்லை.’ அவ்வளவுதான். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு ஒரு வருத்தச் சொல்கூட இல்லை. இதை யார் கேட்டது, ஏன் கேட்டது என்று எழுத்தில் பதில் வேண்டும்.

தரவுத்தளத்தை எப்படி மீட்டோம் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மூன்றாம் நாள் இரவு, கழித்துக் கட்டி மூலையில் வைத்திருந்த பழைய சர்வரை எடுத்து, லினக்ஸ் நிறுவி, அதிலிருக்கும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கே.வி.எம்.மில் பேக்கப்பின் வட்டுப் படிமத்தை வடிவம் மாற்றிப் போட்டேன். முதல் முறை பூட் ஆகவில்லை, வட்டு டிரைவரை மாற்றிக் கொடுத்ததும் எழுந்தது. கே.வி.எம். 2007 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. உரிமம் சரிபார்க்க அது யாரையும் அழைக்கவில்லை. 96 கோருக்குக் கட்டணம் கட்டும் புதிய இயந்திரங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பது வருடப் பழைய இயந்திரம்தான் எங்கள் கணக்கைக் காப்பாற்றியது.

மூல காரணத்தையும் நானேதான் கண்டுபிடித்தேன். 12ஆம் நாள் இரவு, நெட்வொர்க்கில் எதை விடுவது எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஃபயர்வாலின் லாகை வரி வரியாகப் பார்த்தேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை, மூன்று நோடுகளிலிருந்தும், 443ஆம் போர்ட்டில் ஒரே முகவரிக்குப் போகும் அழைப்பு தடுக்கப்பட்டிருந்தது. அந்த முகவரி உங்கள் ஆவணத்தில் கொடுத்த அனுமதிப் பட்டியலில் இல்லை. அப்டேட் நிறுவிய அன்று மாலைதான் அது முதன்முதலாக லாகில் தோன்றுகிறது. அதாவது சர்வர்களில் ஓடும் உங்கள் ஏஜென்ட் மென்பொருள் உரிமச் சரிபார்ப்பைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொண்டது, நீங்கள் அதை எங்கும் எழுதவில்லை. சர்வர் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் இதயத்துடிப்புத் தகவல் மட்டும் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் போர்ட்டலில் பச்சை. முகவரியைத் திறந்துவிட்டேன். அடுத்த 15 நிமிடத்தில் பூட்டு விலகியது.

இதை ஆதாரத்துடன் எழுதினேன். நன்றி சொல்லவில்லை. ‘காரணம்: வாடிக்கையாளர் தரப்பு நெட்வொர்க் அமைப்புப் பிழை’ என்று எழுதி மூன்றாவது முறையாக டிக்கெட்டை மூடினீர்கள். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், அந்த முகவரி உங்கள் ஆவணப் பக்கத்தில் சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டது. பக்கத்தின் பழைய, புதிய வடிவங்கள் இரண்டையும் தேதியுடன் சேமித்து வைத்திருக்கிறேன். பிழை எங்களுடையது என்றால் ஆவணத்தை ஏன் திருத்தினீர்கள்?

உங்கள் தயாரிப்பு மோசமானது என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது ஓடும்போது நன்றாக ஓடுகிறது, இரண்டு ஆண்டுகளாக நாங்களே மற்றவர்களிடம் அதைப் பரிந்துரைத்திருக்கிறோம். ஆகவே பணிவாகவே கேட்கிறேன். டிக்கெட்டில் பதிந்திருக்கும் காரணத்தை மாற்றி, உண்மையான காரணத்தை எழுத்தில் தாருங்கள். பூட்டு விழுந்த நாளிலிருந்து விலகிய நாள் வரைக்கான கோர் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். உரிமச் சரிபார்ப்பு நின்று 20 நாளானாலே மின்னஞ்சல் அனுப்புங்கள், எத்தனை நாள் மிச்சம் என்று போர்ட்டலில் எண்ணாகக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேக்கப்பிலிருந்து மீட்பதை இந்தப் பூட்டிலிருந்து விலக்குங்கள். கட்டணம் கட்டாதவரைத் தடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம். ஒருவர் தன் தரவைத் தன் வட்டில் திரும்ப வைப்பதைத் தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த மூன்றாவது ஊழியரின் மேலாளர் என்னை அழைத்து, அந்த இரண்டு பிள்ளைகளும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால், வழக்கறிஞர் மூலம் அறிவிக்கை அனுப்புவோம். ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பழைய சர்வரில் கே.வி.எம். இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மீதி மெய்நிகர் கணினிகளையும் அந்த வழிக்கு மாற்றுவதற்கான திட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அதை முடிக்க வேண்டிய தேவை வராமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. டிக்கெட்டை மட்டும் நான்காவது முறையாக மூடாதீர்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறுப்பாளர்

இணைப்புகள்: ஃபயர்வால் லாக், வன்பொருள் நிறுவனத்தின் பரிசோதனை அறிக்கை, ஆவணப் பக்கத்தின் இரு வடிவங்கள், நீங்கள் தேவையில்லை என்று சொன்ன மூன்று வரிசை எண் படங்கள்.